தாடை மூட்டுக்கு விரைவு எம்.ஆர்.ஐ.: செயற்கை நுண்ணறிவு எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை?

“நாந்தான் அசைஞ்சிட்டேன் ஐயா. அதனாலதான் படம் கெட்டுப்போச்சு.”

எங்கள் கதிரியல் பிரிவுக்கு வந்த சங்கு குளிக்கும் தொழிலாளர் ஒருவர் முதலில் சொன்ன சொற்கள் இவை. காற்றுக் குழாயின் வாய்முனையைப் பற்களால் கவ்விக்கொண்டு நாள்தோறும் நெடுநேரம் கடலடியில் வேலை செய்பவர் அவர். ஓராண்டாக வலக் காதின் அருகே வலி. காது மருத்துவர் பார்த்தார், காதில் குறையில்லை. பல் மருத்துவர் பார்த்தார், பல்லிலும் குறையில்லை. ஆனால், வாயை முழுமையாகத் திறக்க முடியவில்லை. வேறோர் ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களைக் கையில் கொண்டுவந்திருந்தார். வாய் மூடிய நிலையில் எடுத்தவை தெளிவாக இருந்தன. வாய் திறந்த நிலையில் எடுத்தவை கலங்கியிருந்தன. அவருடைய நோயைத் தீர்மானிக்க எங்களுக்குத் தேவைப்பட்டவையோ அந்தக் கலங்கிய படங்கள்தாம்.

அவர்மீது தவறில்லை. வலிக்கின்ற தாடையைத் திறந்தபடியே நான்கு நிமிடங்கள் அசையாமல் வைத்திருக்குமாறு கேட்பது எளிய கோரிக்கை அன்று. அதுவும் ஒரு முறை அன்று, பல முறை. இந்தச் சிக்கலைக் குறைக்கவே இப்போது செயற்கை நுண்ணறிவின் துணையுடன் எம்.ஆர்.ஐ. எடுக்கும் நேரத்தைச் சுருக்கும் முறைகள் வந்துள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், நோயாளியும் குடும்பத்தாரும் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

தாடை மூட்டு என்பது எது?

காதுத் துளைக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்பு முன்னும் பின்னும் நகர்வதை உணரலாம். கீழ்த்தாடை மண்டையோட்டுடன் சேரும் அந்த இடமே தாடை மூட்டு. முழங்காலும் முழங்கையும் பெரும்பாலும் மடங்கி நிமிரும் மூட்டுகள். தாடை மூட்டோ முதலில் சுழன்று, பிறகு முன்னோக்கி வழுக்கிச் செல்லும். பேசும்போதும், மெல்லும்போதும், கொட்டாவி விடும்போதும் இரு பக்க மூட்டுகளும் ஒன்றாக இயங்க வேண்டும்.

இரண்டு எலும்புகளுக்கும் இடையே ஒரு சிறிய மெத்தை உண்டு. பொதுமக்கள் வழக்கில் அதை ஜவ்வு என்கிறோம். நடுவில் மெலிந்தும் இரு முனைகளிலும் தடித்தும் இருக்கும் அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமே உடையது. வாயைத் திறக்கும்போது இந்த ஜவ்வும் எலும்புடன் சேர்ந்து நகர வேண்டும். சிலருக்கு அது முன்பக்கமாக இடம் நழுவிவிடுகிறது. வாயைத் திறக்கும்போது ‘டக்’ என்ற ஒலியுடன் தன் இடத்துக்குத் திரும்பினால் அது ஒரு நிலை. திரும்பாமல் அங்கேயே நின்று எலும்பின் வழியை மறித்தால் அது வேறொரு நிலை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே, வாய் மூடியும் திறந்தும் என இரு நிலைகளிலும் படம் எடுக்கிறோம். சாதாரண எக்ஸ்ரேயும் சி.டி.யும் எலும்பை நன்கு காட்டும், ஜவ்வைக் காட்டா. ஜவ்வையும், மூட்டில் கோத்துள்ள நீரையும், சுற்றியுள்ள தசைகளையும் ஒருசேரக் காட்டுவது எம்.ஆர்.ஐ. மட்டுமே. அதில் கதிர்வீச்சு ஆபத்தும் இல்லை.

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையா?

தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாயைத் திறந்து உங்கள் நடு மூன்று விரல்களை மேல் பற்களுக்கும் கீழ்ப் பற்களுக்கும் இடையே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் திறப்பு பெரும்பாலும் போதுமானது. அளவில் அது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். வலியோ ஒலியோ புதிதாகத் தோன்றியிருந்தால், சில வாரங்கள் மென்மையான உணவும், வெந்நீர் ஒத்தடமும், மருத்துவர் தரும் வலி மாத்திரையுமே பலருக்குப் போதும். இட்லியும் குழைந்த சோறும் உண்ணலாம். முறுக்கையும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயையும் சில வாரங்கள் தள்ளி வையுங்கள்.

வாய் திறக்காமைக்கு மூட்டு மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பாக்கும் பான்மசாலாவும் மெல்லும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாயின் உட்தோல் இறுகி நார்போல் ஆகிவிடும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, காரம் பட்டால் எரியும். அவர்களுக்கு வேண்டியது தாடை மூட்டு எம்.ஆர்.ஐ. அன்று; வாய்ப் பரிசோதனையும், அப்பழக்கத்தை உடனே நிறுத்துவதும்தான். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்பதால் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ தாடையில் வலி வந்து, நின்றால் குறைந்தால், அல்லது தாடை வலியுடன் நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால், அது இதயத்தின் வலியாக இருக்கலாம். அந்நிலையில் ஸ்கேனுக்கு முன்பதிவு செய்து காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

எம்.ஆர்.ஐ. ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?

நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் நுண்ணிய காந்தங்களைப் போன்றவை. எம்.ஆர்.ஐ. கருவியின் பெரிய காந்தம் அவற்றை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தின் வலிமை, பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. ரேடியோ அலையால் அக்கருக்களைச் சிறிது அசைத்துவிட்டால், அவை மீளும்போது மெல்லிய சமிக்ஞைகளைத் தருகின்றன. அவற்றைக் கருவி வரிவரியாகப் பதிவு செய்து, கணக்கிட்டுப் படமாக்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கேமரா ஒரு நொடியில் முழுக் காட்சியையும் பிடித்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ. அப்படியன்று. ஒரு படத்துக்குத் தேவையான நூற்றுக்கணக்கான வரிகளைச் சிறுகச் சிறுகத்தான் சேகரிக்க முடியும். வரிகள் கூடக் கூட நேரமும் கூடும். அந்த நேரம் முழுவதும் நோயாளி அசையாதிருக்க வேண்டும். இடையில் ஒரு முறை எச்சில் விழுங்கினாலும் முன்பு எடுத்த வரிகளும் பின்பு எடுத்த வரிகளும் பொருந்தாமல் படம் கலங்கிவிடும்.

1977ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் ரேமண்ட் டமாடியனும் அவருடைய குழுவினரும் மனித மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆயிற்று. பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு ஆகியோர் கண்ட வழிகள் அந்த நேரத்தைப் பெரிதும் குறைத்தன. அதற்காக 2003இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதன்பின்னும் நேரத்தைச் சுருக்கும் முயற்சி நிற்கவில்லை. இன்று தாடை மூட்டுக்கு ஒவ்வொரு தொடர் படமும் வழக்கமான முறையில் 3 முதல் 5 நிமிடங்கள் பிடிக்கும். இரு பக்கங்கள், இரு நிலைகள், பல கோணங்கள் எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் வரை ஆகும்.

குறைவாக அளந்து முழுமையாகக் காண்பது

வரிகள் சிலவற்றை அளக்காமல் விட்டுவிட்டால் நேரம் குறையும். ஆனால், அப்படிச் செய்தால் படம் மடிந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். அல்லது புள்ளி புள்ளியாக இரைச்சல் தோன்றும். இங்கேதான் செயற்கை நுண்ணறிவு வருகிறது.

நம் கடற்கரையில் முத்துக் குளிப்பு நடந்த காலத்து நடைமுறை ஒன்றை நினைவுகூர்ந்தால் இது எளிதாக விளங்கும். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக் குளிப்பு கடைசியாக 1961இல் நடந்தது. ஒரு பாரில் குளிப்பு நடத்தலாமா என்று முடிவு செய்வதற்கு முன், அங்கிருந்து மாதிரியாகச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்துகளை மதிப்பிடுவார்கள். கடலடியில் கிடக்கும் எல்லாச் சிப்பிகளையும் எவரும் திறந்து பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் பார்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சிறிய மாதிரியே பெரிய செய்தியைச் சொல்லும்.

செயற்கை நுண்ணறிவுக்கும் அத்தகைய பழக்கமே கற்பிக்கப்படுகிறது. முழுமையாக அளந்து எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். அதே படங்களிலிருந்து வரிகள் பலவற்றை நீக்கிவிட்டு, நீக்கிய பின் உண்டாகும் பழுதுபட்ட படத்தையும் காட்டுகிறார்கள். பழுதிலிருந்து முழுமைக்குச் செல்லும் வழியைக் கணினி மீண்டும் மீண்டும் பயின்று கற்றுக்கொள்கிறது. பிறகு புதிய நோயாளி ஒருவருக்குக் குறைந்த வரிகளை மட்டும் அளந்தாலும், எது உண்மையான உருவம், எது இரைச்சல் என்று பிரித்துத் தெளிவான படத்தைத் தருகிறது.

நன்கு வடிவமைக்கப்பட்ட முறைகளில் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. படத்தின் ஒளி நிழல் அமைப்பைத் தீர்மானிக்கும் நடு வரிகளை விடாமல் அளக்கிறார்கள். மேலும், கணினி தரும் படம் உண்மையில் அளந்த வரிகளுடன் முரண்படாதிருக்கிறதா என்று கணக்கின் ஒவ்வொரு படியிலும் ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். ஆகவே இது வெறுங்கற்பனையில் வரையும் ஓவியம் அன்று.

இத்துறையில் பெரும் ஊக்கம் தந்தது, நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுப் பிரிவும் 2018இல் தொடங்கிய ‘ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ.’ திட்டம். 2020இல் அக்குழுவினர் முழங்கால் மூட்டு நோயாளிகள் 108 பேரின் படங்களை வழக்கமான முறையிலும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அளவீட்டுடன் செயற்கை நுண்ணறிவு முறையிலும் உருவாக்கி, கதிரியல் நிபுணர்களிடம் கொடுத்தனர். நோயைக் கண்டறிவதில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் மாநிலத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யின் நலவாழ்வுத் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குறைந்த அளவீடுகளிலிருந்து எம்.ஆர்.ஐ. படத்தை மீட்டுருவாக்கும் முறைகளை 2019 முதல் வெளியிட்டு வருகிறார்கள். முன்னணிக் கருவி நிறுவனங்களும் இத்தகைய மென்பொருள்களைத் தம் கருவிகளுடன் இணைத்துத் தருகின்றன. தாடை மூட்டிலும் இம்முறையைச் சோதித்து ஆய்வுகள் வெளிவந்துள்ளன. நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தாலே, நான்கு நிமிடம் வாய் திறந்திருக்க முடியாதவர் இரண்டு நிமிடம் இருந்துவிடுவார்.

அப்படியானால் முழுமையாக நம்பலாமா?

மாதிரிச் சிப்பிகளை வைத்துச் செய்த மதிப்பீடும் சில வேளைகளில் பொய்த்திருக்கிறது. அதுபோலவே இதற்கும் எல்லைகள் உண்டு. அவற்றை மறைப்பது முறையாகாது.

முதலாவது, கணினி எதைப் பார்த்துப் பயின்றதோ அதையே நன்கு அறியும். முழங்காலுக்கும் மூளைக்கும் பயிற்சிப் படங்கள் ஏராளம். தாடை மூட்டுக்கு அவ்வளவு இல்லை. மூட்டும் சிறியது, ஜவ்வில் ஏற்படும் நுண்துளையோ மெல்லிய ஒட்டுதலோ மிகச் சிறிய மாற்றம். படத்தை வழவழப்பாக்கும் முயற்சியில் அத்தகைய நுண்மை மறைந்துபோகும் வாய்ப்பை நாங்கள் மனத்தில் கொண்டே படத்தைப் பார்க்கிறோம்.

இரண்டாவது, பழுதான படம் பழுதானதாகவே தோன்றினால் அதை மறுபடி எடுத்துவிடலாம். தவறான படம் அழகாகத் தோன்றினால்தான் ஆபத்து. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், வேகார்ட் அன்டுன், ஆண்டர்ஸ் ஹான்சன் முதலிய கணித அறிஞர்கள், அளவீட்டில் ஏற்படும் கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றங்களே சில செயற்கை நுண்ணறிவு முறைகளில் படத்தைப் பெரிதும் பிறழச் செய்வதையும், சில முறைகள் சிறிய மாறுதல்களைக் காட்டாமல் விட்டுவிடுவதையும் எடுத்துக்காட்டினர். அதனால்தான் மருத்துவர் சொன்னதற்கும் படம் காட்டுவதற்கும் பொருத்தம் இல்லையென்றால், ஐயமுள்ள அந்த ஒரு தொடரை மட்டும் வழக்கமான முறையில் மறுபடி எடுக்கிறோம். உங்களை மீண்டும் கருவிக்குள் அழைத்தால், அதை அலைக்கழிப்பாகக் கருத வேண்டாம்.

மூன்றாவது, இது நேரத்தைச் சுருக்குமே தவிர, நோயாளியின் அசைவை அழித்துவிடாது. பற்களில் உள்ள உலோகக் கம்பிகளால் படத்தில் விழும் கறுப்பையும் பெரும்பாலும் நீக்க இயலாது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் தெளிவாக்க வேண்டும். நான் சொல்லிவரும் செயற்கை நுண்ணறிவு படத்தை உருவாக்குவதற்கு உதவுகிறது, நோயை அறிவிப்பதில்லை. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதி, அதற்குப் பொறுப்பேற்பவர் கதிரியல் மருத்துவரே.

படத்தில் மாற்றம் தெரிந்தால் அறுவைச் சிகிச்சையா?

அறிக்கையைப் படித்து அஞ்சி வருவோர் பலர். “ஜவ்வு விலகியிருக்கிறது” என்ற வரியைக் கண்டதும் அறுவைச் சிகிச்சை என்றே எண்ணிவிடுகிறார்கள். ஆனால், வலியோ ஒலியோ எதுவும் இல்லாத தன்னார்வலர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு ஜவ்வு விலகியே இருந்தது. அவர்கள் நலமாகத்தான் வாழ்கிறார்கள். ஆகவே படத்துக்குச் சிகிச்சை செய்வதில்லை, மனிதருக்கே செய்கிறோம். வலி எவ்வளவு, வாய் எவ்வளவு திறக்கிறது, உண்ண முடிகிறதா, பற்களை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உண்டா என்பவற்றுடன் சேர்த்துப் பார்த்தால்தான் படம் பொருள் தரும். பெரும்பாலோர்க்குப் பயிற்சி, பல் மருத்துவர் செய்து தரும் கடிதட்டு, மாத்திரை, பழக்க மாற்றம் ஆகியவற்றாலேயே குணம் கிடைக்கிறது. சிலருக்கு மூட்டுக்குள் ஊசி செலுத்திக் கழுவ வேண்டியிருக்கும். அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் மிகச் சிலரே.

ஸ்கேனுக்கு வருமுன்

காந்தம் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கும். விரைவு முறையானாலும் பாதுகாப்பு விதிகளில் மாற்றமில்லை.

இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் காக்ளியர் கருவி, மூளை இரத்தக் குழாயில் கிளிப் ஆகியவை பொருத்தப்பட்டிருந்தால் முன்பதிவின்போதே சொல்லுங்கள்; அவற்றின் அட்டைகளைக் கொண்டுவாருங்கள்.

துறைமுகத்திலும் பட்டறைகளிலும் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்பவர்கள் தங்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததுண்டா என்பதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். தேவையானால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவோம். காந்தம் அத்துகளை நகர்த்தினால் பார்வைக்கே ஆபத்து.

கழற்றி மாட்டும் பல்செட், தோடு, மூக்குத்தி, தாலிச் சங்கிலி, தாயத்து, அரைஞாண், ஊக்கு, கொண்டை ஊசி, கைப்பேசி ஆகியவற்றை வெளியே விட்டுச் செல்ல வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்குவோர் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிவரலாம்; அதில் உலோகம் எதுவும் கோக்காமல் இருந்தால் போதும். கருவுற்றிருந்தாலோ, கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ சொல்லுங்கள்.

வாயைத் திறந்து வைக்க உலோகமில்லாத ஒரு சிறிய முட்டு பற்களுக்கிடையே வைக்கப்படும். எந்த அளவு வரை வலியின்றித் திறக்க முடியுமோ அந்த அளவு போதும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தொடருக்கும் முன் எச்சிலை விழுங்கிக்கொள்ளுங்கள். கருவி பலத்த ஒலி எழுப்பும், காதடைப்பான் தருவோம். கையில் ஓர் அழைப்புப் பந்து இருக்கும். அழுத்தினால் உடனே நிறுத்திவிடுவோம். மூடிய இடத்தில் அச்சம் உள்ளவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். குடும்பத்தார் ஒருவர், உலோகப் பொருள்களை அகற்றிவிட்டு, அனுமதி பெற்று உள்ளே உடனிருக்கலாம்.

மருத்துவரிடம் கேட்கத் தக்க கேள்விகள் சில: இந்த ஸ்கேனால் என் சிகிச்சை மாறுமா? வாய் திறந்த நிலையிலும் படம் எடுக்கப்படுமா? விரைவு முறையில் எடுப்பதாக இருந்தால், ஐயம் ஏற்படும்போது வழக்கமான முறையில் மறுபடி எடுப்பீர்களா? இவற்றைக் கேட்பதால் எந்த மருத்துவரும் வருந்தமாட்டார்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட தொழிலாளரிடம் திரும்புவோம். அவருக்கு விரைவு முறையில் மறுபடி படம் எடுத்தோம். வாய் திறந்த நிலைத் தொடர் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. படம் தெளிவாக வந்தது. வலப்பக்க ஜவ்வு தன் இடத்துக்குத் திரும்பாமல் வழியை மறித்து நிற்பது தெரிந்தது. அவருக்கு யாரோ சொல்லியிருந்த அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. சில வாரங்கள் கடலுக்குச் செல்லாதிருந்தார். பயிற்சிகளை விடாமல் செய்தார். வாய்முனையை மென்மையான ஒன்றாக மாற்றிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வந்தபோது தம் மூன்று விரல்களையும் வாயில் நுழைத்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். வலி முற்றிலும் போய்விடவில்லை. நெடுநேரம் மென்றால் இன்னும் வருகிறது என்றார். பயிற்சியைத் தொடருமாறு சொல்லி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னோம்.

ஸ்கேன் அறையில் உங்களால் அசையாதிருக்க இயலவில்லையென்றால், அதைக் குற்றமாக நினைத்து மனத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள். நேரத்தைக் குறைப்பதற்கும், இடையில் ஓய்வு தருவதற்கும், தேவையானால் மறுபடி எடுப்பதற்கும் இப்போது வழிகள் இருக்கின்றன.